நடந்து போகிறவர்கள்

தெருமுனையில் திரும்புகிறவர் யாரென்று முகம் தெரிவதற்கு முன்பே நமக்குத் தெரிந்துவிடுகிறது. ஒரு தோளைச் சற்றுத் தாழ்த்தி வந்தால் பெரியப்பா. குதிகாலை ஊன்றாமல் முன்பாதத்தால் தத்தி வந்தால் எதிர்வீட்டுப் பையன். பையைச் சுமந்து சுமந்து வலப்பக்கம் சாய்ந்துபோன நடை என்றால் பள்ளிக்கூடத்து டீச்சர். யாரும் சொல்லித்தராமல் வந்த திறமை இது. நகரத்து வீதியில் நடக்கும் சாதாரண மனிதர்களைக் காட்டும் அச்சோவியம் ஒன்றை வாங்க நினைக்கிறீர்கள் என்றால் முதலில் இந்தத் திறமையைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். மற்றவற்றைக் கடைக்காரர் சொல்வார். இதை அவர் சொல்ல மாட்டார்.

உருவப்படம் வாங்குகிறவர் முகத்தைப் பார்க்கிறார். நடப்பவர்களின் படத்திலோ முகம் பெரும்பாலும் பக்கவாட்டில் ஒரு கோடாக இருக்கும், குடைக்கு அடியில் மறைந்திருக்கும், சில நேரம் வெறும் வட்டமாகவே இருக்கும். முகத்தைத் தேடினால் ஏமாற்றம்தான். உயிர் இடுப்பிலும் முழங்காலிலும் தரையைத் தொடும் பாதத்திலும் இருக்கிறது. ஆகவே இந்த அத்தியாயம் முழுவதற்கும் என் யோசனை ஒன்றுதான்: நடையைப் பார்த்து வாங்குங்கள்.

இன்று இந்த வகைப் படங்களைத் தேடுகிறவர் ஜூலியன் ஓப்பி என்ற ஓவியரைத் தாண்டிப் போக முடியாது. 1958இல் லண்டனில் பிறந்தவர். கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியில் மைக்கேல் கிரேக்-மார்ட்டினிடம் பயின்றவர். ‘பிளர்’ இசைக்குழுவின் 2000ஆம் ஆண்டுத் தொகுப்பின் அட்டையில் நால்வரின் முகங்களைத் தடித்த கறுப்புக் கோட்டுக்குள் தட்டையான வண்ணங்களாகக் காட்டினாரே, அவர்தான். அவருடைய பழைய நடைச் சித்திரங்களில் தலை என்பது ஒரு வட்டம். கழுத்தே கிடையாது, வட்டம் உடலுக்கு மேலே மிதக்கும். அப்போது அவருக்கு நடந்து காட்டியவர்கள் தெரிந்தவர்களும் மாடல்களும். நடைப்பொறியின் மேல் நடக்கவிட்டுப் படம்பிடித்து, அதைக் கணினியில் கோடுகளாக மாற்றுவார். சாரா, சூசான் என்று அவர்களுடைய பெயர்களே தலைப்பாகும்.

பிறகு அவர் தெருவுக்கு வந்தார். யாரென்றே தெரியாதவர்கள் கடந்துபோவதைப் பக்கவாட்டிலிருந்து எடுத்த புகைப்படங்கள்தான் இப்போது மூலம். சியோல் நகரப் படங்களுக்கு அந்த ஊர்ப் புகைப்படக்காரர் ஒருவரை வைத்து எடுக்கச் சொன்னார். எடுத்த நாளில் மழை. எல்லோர் கையிலும் குடை. லண்டன் மழையில் நடப்பவர்கள், சியோல் மழையில் நடப்பவர்கள் என்று 2015இல் அவர் ஸ்க்ரீன் பிரிண்டுகள் (துணித்திரை வழியே மை இறக்கி எடுக்கும் அச்சுகள்) வெளியிட்டார். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். மேல்கோட்டு எவ்வளவு நீளம், குடைக்கம்பைத் தோளில் சாய்க்கிறார்களா நெஞ்சுக்கு முன்னால் பிடிக்கிறார்களா, பை எந்தக் கையில் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். எல்லாவற்றையும் கழித்துக் கழித்து எடுத்த ஓவியர் குடையின் சாய்வை மட்டும் ஏன் விட்டுவைத்தார் என்று கேட்டுக்கொண்டே பார்த்தால், அரைமணி நேரம் போவது தெரியாது.

தெருவில் போகிறவரை அவர் அறியாமல் படமெடுத்து விற்கலாமா என்ற கேள்வி பலருக்கு வரும். எனக்கும் வந்தது. ஓப்பியின் முறையில் எது விடுபடுகிறது என்று பார்த்தபோது என் தயக்கம் குறைந்தது. கண், மூக்கு, தோலின் சுருக்கம் என்று ஓர் ஆளை இன்னார் என்று பிடித்துக்கொடுக்கும் எல்லாம் போய்விடுகின்றன. மிஞ்சுவது உடை, சுமை, நடை. நாம் எல்லோரும் வெளியில் போட்டுக்கொண்டு திரிவது அவ்வளவுதான். ஆனால் எல்லாப் படத்துக்கும் இந்தச் சலுகையைக் கொடுக்க மாட்டேன். நடப்பவரைக் கேலிக்குரியவராக்கும் படம், வறுமையை வேடிக்கைப் பொருளாக்கும் படம் எவ்வளவு கைதேர்ந்த வேலையாக இருந்தாலும் வீட்டுச் சுவருக்கு வேண்டாம். தினமும் பார்க்கப் போகிறோம். நம் பிள்ளைகளும் பார்ப்பார்கள்.

நடையைப் பார்ப்பது எப்படி? ஒரு சின்னக் கணக்கு உதவும். சாதாரண நடையில் ஒவ்வொரு பாதமும் ஒரு சுற்றில் ஏறத்தாழ 60 விழுக்காடு நேரம் தரையில் இருக்கும், 40 விழுக்காடு நேரம் காற்றில். இரண்டு பாதங்களும் சேர்ந்து தரையில் இருப்பது கொஞ்ச நேரம்தான். சுமாரான படங்கள் எல்லாம் அந்தக் கொஞ்ச நேரத்தையே பிடிக்கும்: கால்கள் கத்தரிக்கோல் போல் விரிந்து, முன் குதிகாலும் பின் விரல்களும் தரையில். நடக்கிறார் என்று உடனே புரியும். அதனால் வரைவது சுலபம். கடினமானது ஒற்றைக் காலில் உடல் முழுவதும் நின்று, மற்றக் கால் அதைத் தாண்டும் தருணம். அப்போது நடப்பவர் விழாமல் இருப்பதே ஒரு சிறு அதிசயம். அந்தக் கணத்தை நம்பும்படி காட்டிய படம் கிடைத்தால் விலை கொஞ்சம் கூடினாலும் யோசியுங்கள். உடலின் எடை எந்தக் காலில் இருக்கிறது என்று விரல் வைத்துச் சொல்ல முடியவில்லை என்றால் அந்த உருவம் நடக்கவில்லை, நிற்கிறது.

தகட்டை அமிலத்தால் அரித்து எடுக்கும் அச்சுகளான எட்சிங்குகளிலும் அக்வாடின்ட்டுகளிலும் இசபெல் பிஷப்பினுடையவை இதற்கு நல்ல பாடம். நியூயார்க்கில் யூனியன் சதுக்கத்தை ஒட்டிப் பல பத்தாண்டுகள் ஓவியக்கூடம் வைத்திருந்தவர் (1902–1988). 1930களின் பொருளாதார முடக்கக் காலத்தில் மதிய உணவு இடைவேளைக்கு வெளியே வரும் அலுவலகப் பெண்களை வரைந்தார். முதுமையில் சதுக்கத்தையும் சுரங்க ரயில் நிலையத்தையும் கடந்து நடக்கும் கூட்டத்தை வரைந்தார். அவருக்கு அசைவு என்பது உடல் நகர்வதோடு முடியவில்லை. இந்தப் பெண்கள் இருக்கும் நிலையிலிருந்து வேறொன்றுக்கு நகரக்கூடியவர்கள் என்பதும் அதில் சேர்த்தி. அதனால்தான் அவருடைய கோடு எங்கேயும் முழுதாக மூடிக்கொள்வதில்லை. உருவத்துக்குள்ளிருந்து காகிதம் வெளியே தெரியும். ஓப்பியின் அடைத்த கோட்டுக்கு நேர் எதிர். இருவரில் யார் உங்களுக்கு என்பது உங்கள் மனசு. நான் எட்சிங் பக்கம்.

அமெரிக்க ஓவியர் எட்வர்ட் ஹாப்பர் 1921இல் செய்த ‘இரவு நிழல்கள்’ இன்னொரு வகை. மாடி ஜன்னலிலிருந்து பார்ப்பதுபோல, வெறிச்சோடிய தெருவில் ஒரே ஒரு ஆள். அவர் போகும் வழியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு கம்பத்தின் நீண்ட நிழல். அடுத்த அடியில் அவர் அதை மிதித்தாக வேண்டும். ‘தி நியூ ரிபப்ளிக்’ என்ற வார இதழ் 1924இல் வெளியிட்ட ஆறு எட்சிங்குகள் கொண்ட தொகுப்பில் இதுவும் இருந்தது. ஒரு பத்திரிகை வாசகர்களுக்காக வெளியிட்ட படம் இன்று அருங்காட்சியகங்களில் தொங்குகிறது.

தென்னாப்பிரிக்காவின் வில்லியம் கென்ட்ரிட்ஜ் 2000இல் வெட்டிய ‘நடக்கும் மனிதன்’ என்ற லினோகட் (லினோலியத்தில் செதுக்கி எடுக்கும் அச்சு) ஆளுயரத்தையும் தாண்டிய படம். நடந்துகொண்டே மரமாக மாறிக்கொண்டிருக்கும் ஒருவர். சுமையோடு ஊர் விட்டு ஊர் போகும் மனிதர்களின் வரிசை அவருடைய படங்களில் திரும்பத் திரும்ப வரும். வீட்டில் மாட்ட இடம் இருக்காது. ஆனால் ஒருமுறை எதிரில் நின்றுவிட்டு வந்தால், சின்ன லினோகட்டுகளில் எதைத் தேட வேண்டும் என்று கண்ணுக்குப் பழகிவிடும்.

இவர்கள் எல்லோருக்கும் முன்னோடி ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகே. 1857இல் எடோ (இன்றைய டோக்கியோ) நகரத்துப் பாலத்தின் மேல் திடீர் மழையில் குடைக்கும் தொப்பிக்கும் பாய்க்கும் அடியில் ஒடுங்கி விரையும் மனிதர்களைக் காட்டிய மரச்செதுக்கு அச்சை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். வான்கோ 1887இல் அதை எண்ணெய் வண்ணத்தில் நகலெடுத்தார். ஓப்பியும் ஜப்பானிய அச்சுகளைச் சேகரிப்பவர். பர்மிங்ஹாமின் ஐகான் கேலரியில் 2007இல் நடந்த ஹிரோஷிகே கண்காட்சிக்குப் படங்களைத் தேர்ந்தெடுத்தவர் அவரே. சியோல் குடைகள் எந்தப் பாலத்திலிருந்து வந்தன என்பது இப்போது புரியும்.

இனிக் கடைக்குள் போவோம்.

படம் பிடித்துவிட்டது. அது அச்சோவியமா, அச்சடித்த நகலா? பணம் இழப்பவர்கள் இழப்பது இந்த இடத்தில்தான். கலைஞர் தானே கல்லிலோ, செப்புத்தகட்டிலோ, மரத்திலோ, திரையிலோ உருவாக்கி, அதிலிருந்து குறிப்பிட்ட எண்ணிக்கையில் மட்டும் எடுப்பது அச்சோவியம். ஏற்கெனவே இருக்கும் ஓவியத்தைப் புகைப்படமெடுத்து ஆஃப்செட்டில் அடிப்பது நகல். நகலின் கீழே கலைஞர் பென்சிலால் கையெழுத்துப் போட்டாலும் அது நகல்தான். எல். எஸ். லௌரியின் பெயரில் விற்கும் கையெழுத்திட்ட அச்சுகளில் பெரும்பாலானவை இந்த வகை. நான் லௌரியைக் குறைத்துச் சொல்லவில்லை. மான்செஸ்டரில் வாடகை வசூலிப்பவராக 1952இல் ஓய்வு பெறும்வரை தெருத்தெருவாக நடந்தவர் அவர். ஆலை வாசலில் குனிந்து நடக்கும் கூட்டத்தை அவர்போல் அறிந்த ஓவியர் குறைவு. அவர் நேரடியாகச் செய்த லித்தோகிராஃபுகளும் சில உண்டு. எதை எந்த விலைக்கு வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கினால் போதும்.

பத்து மடங்கு பெரிதாக்கும் சின்னப் பூதக்கண்ணாடி ஒன்று, நகைக்கடைக்காரர் கண்ணில் வைப்பது போல, பையில் இருக்கட்டும். ஆஃப்செட் நகலில் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் பூ இதழ்போல் வட்டமாகச் சேர்ந்து தெரியும். இங்க்ஜெட்டில் புள்ளிகள் சீரில்லாமல் தூவினாற்போல் இருக்கும்; இது தன்னளவில் குற்றமில்லை, கணினியிலேயே உருவான படத்துக்கு இங்க்ஜெட்டே மூலமாகவும் இருக்கலாம். ஸ்க்ரீன் பிரிண்டில் வண்ணம் புள்ளியில்லாமல் ஒரே பரப்பாகக் காகிதத்தின் மேல் படிந்திருக்கும். படத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் மையின் விளிம்பு லேசாக எழும்பி நிற்பது தெரியும். எட்சிங்கில் படத்தைச் சுற்றித் தகடு அழுந்திய பள்ளம் இருக்கும். லினோகட்டிலும் மரச்செதுக்கிலும் மை ஓரங்களுக்கு ஒதுங்கி அங்கே சற்று அடர்ந்திருக்கும். ஓப்பி நிறையச் செய்திருக்கும் லென்டிகுலர் படத்துக்குப் பூதக்கண்ணாடி வேண்டாம்: வரிவரியான பிளாஸ்டிக் பரப்பு, நீங்கள் நகர்ந்தால் உருவமும் நடக்கும்.

கீழ் ஓரத்தில் 12/50 என்று இருந்தால், ஐம்பதில் இது பன்னிரண்டு. எண் குறைவாக இருந்தால் உசத்தி என்று சிலர் கூடுதல் விலை சொல்வார்கள். ஸ்க்ரீன் பிரிண்டில் அதற்குப் பொருளே இல்லை. தகட்டில் ஊசியால் கீறி எழுந்த பிசிறுகளில் மை தங்கி மென்மையாக அச்சாகும் டிரைபாயின்ட் முறையில் மட்டும் அந்தப் பிசிறு ஒவ்வொரு அச்சிலும் நசுங்குவதால் முந்தைய பிரதிக்கு மதிப்புண்டு. ‘ஏ.பி.’ என்றிருந்தால் கலைஞர் தனக்காக எடுத்துவைத்த பிரதி.

பில்லில் என்ன எழுதுகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். கலைஞர் பெயர், தலைப்பு, ஆண்டு, அச்சு முறை, பிரதி எண், அளவு எல்லாம் வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் இன்னும் முக்கியம். சுங்க வகைப்பாட்டில் 97ஆம் அத்தியாயத்தில் 9702 என்ற எண் மூல அச்சோவியங்களுக்கானது. கலைஞர் முழுவதும் கையால் செய்த தகட்டிலிருந்து நேரடியாக எடுத்த பிரதிகளே அதில் சேரும். இயந்திர முறையிலோ ஒளிப்பட இயந்திர முறையிலோ செய்தவை சேரா என்று அந்த அத்தியாயத்தின் குறிப்பே சொல்கிறது. கணினிக் கோட்டிலிருந்து உருவான இன்றைய படங்கள் பலவற்றில் இது கேள்விக்கு இடம் தரும். ‘ஆர்ட் பிரிண்ட்’ என்று ஒற்றை வார்த்தையில் பில் வந்தால் விமான நிலையத்தில் பெட்டி மாட்டிக்கொள்ளும். பணம் அனுப்பும் முன்பே சுங்க முகவர் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள்.

தெருச்சுவரிலிருந்து உரித்தெடுத்தது என்று யாராவது காட்டினால் வாங்காதீர்கள். ஸ்வூன் என்ற பெயரில் இயங்கும் அமெரிக்கக் கலைஞர் 1999 வாக்கிலிருந்து ஆளுயர உருவங்களைச் செதுக்கி அச்செடுத்து நியூயார்க் சுவர்களில் ஒட்டினார். வெயிலிலும் மழையிலும் கிழிந்து மறைவதற்காகவே மெல்லிய காகிதத்தில் அடித்தவை அவை. நடப்பவர்களின் கண்மட்டத்தில், நடப்பவர்களுக்காக ஒட்டியதை உரித்து விற்பது திருட்டு.

வாங்குவதற்கு முன் கண்ணாடி போடாத அச்சோவியங்களைக் கொஞ்சம் பார்த்துப் பழக வேண்டும். லண்டன் போகிறவர்களுக்கு பிரிட்டிஷ் மியூசியத்தின் அச்சு, சித்திரப் பிரிவின் வாசிப்பறை ஒரு வரம். முன்பதிவு செய்துகொண்டு போனால் கேட்கும் படத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைப்பார்கள், கட்டணம் கிடையாது. 1985இல் தொடங்கிய லண்டன் அச்சோவியச் சந்தை இப்போது சாமர்செட் ஹவுஸில் நடக்கிறது. பல வியாபாரிகளின் விலையை ஒரே நாளில் ஒப்பிடலாம். அப்படியே கார்னபி பகுதியில் பிராட்விக் தெருவுக்கும் போய் வாருங்கள். ஓப்பியின் ‘ஷைதா நடக்கிறாள்’ அங்கே ஒளிவிளக்குப் பலகையில் இரவும் பகலும் நடந்துகொண்டிருக்கிறாள். ஓரமாக நின்று, அவளுடைய நடையையும் அவளைக் கடந்து போகிறவர்களின் நடையையும் மாறி மாறிப் பாருங்கள். கடைக்காரர் சொல்லித்தராத பாடம் அங்கே இலவசம்.

படம் வீட்டுக்கு வந்தபின் எங்கே மாட்டுவது? நம் பழைய வீடுகளில் வாசலுக்கும் கூடத்துக்கும் இடையிலுள்ள வழிக்கு நடை என்று பெயர். நடப்பவர்களின் படத்துக்கு அதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. அடுக்ககத்தில் கதவைத் திறந்ததும் வரும் குறுகிய வழியும் நடைதான். போகிற போக்கில், செருப்பை மாட்டிக்கொண்டே பார்க்க வேண்டிய படம் இது. சோபாவுக்கு எதிரே மாட்டி உட்கார்ந்து பார்த்தால் பாதி செத்துவிடும். லென்டிகுலர் படமாக இருந்தால் நடையைத் தவிர வேறெங்கும் மாட்டவே கூடாது. பக்கவாட்டில் நாம் நகர்ந்தால்தான் அது நகரும்.

திசையைப் பாருங்கள். உருவம் சுவரின் மூலையை நோக்கி நடந்தால் முட்டிக்கொள்ளப் போவதுபோல் ஒரு சங்கடம் தினமும் மனசில் தைக்கும். எதிரில் வெற்றுச் சுவர் கொஞ்சம் விடுங்கள், அல்லது கதவை நோக்கி நடக்கவிடுங்கள். இரண்டு படங்கள் என்றால் இருவரும் ஒரே திசையில் போகட்டும், அல்லது ஒருவரையொருவர் கடக்கட்டும். முதுகு காட்டிப் பிரிய வேண்டாம். உயரம் பற்றிக் காட்சிக்கூடங்களில் ஒரு வழக்கம் உண்டு: படத்தின் மையம் தரையிலிருந்து சுமார் 145 முதல் 150 செ.மீ. பெரிய ஒற்றை உருவத்துக்கு நான் அதைக் கேட்பதில்லை. பாதம் சுவரில் எங்கே ஊன்றுகிறது என்று பார்த்து, கூடியவரை கீழே இறக்குவேன். காற்றில் நடப்பவரைவிட நம்மோடு தரையில் நடப்பவர் நல்ல துணை.

பிரேம் விஷயத்தில் எனக்குப் பட்ட அடி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் முதன்முதலில் வாங்கிய எட்சிங்கில் குடை பிடித்து ஒரு பெண் நடந்துகொண்டிருந்தாள். பிரேம் போட்டவர் அழகாகத்தான் போட்டார், ஆனால் காகிதம் கண்ணாடியைத் தொடும்படி. பின்னால் அட்டையில் பசை தடவி ஒட்டியும் விட்டார். ஐப்பசி மழைக்கு அந்தச் சுவரில் ஓதம் ஏறியது. கார்த்திகையில் பார்த்தால் குடைக்கு மேலே மழைத்துளி போலப் பழுப்புப் புள்ளிகள். மை கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தப் படத்தை மீட்க முடியவில்லை. குற்றம் என்னுடையது, நான் எதையும் சொல்லிக் கேட்கவில்லை.

ஆகவே கடையில் இவ்வளவும் கேளுங்கள். காகிதத்துக்கும் கண்ணாடிக்கும் இடையில் அமிலமற்ற மவுண்ட் அட்டை வேண்டும். படத்தை அட்டையில் ஒட்டக் கூடாது. மேல் ஓரத்தில் மட்டும் மெல்லிய ஜப்பானியக் காகிதத் துண்டு இரண்டு, கோதுமை மாவுப் பசையில். செல்லோ டேப் வேண்டவே வேண்டாம், அதன் பசை மஞ்சளாகிக் காகிதத்துக்குள் இறங்கிவிடும். ஓரத்தை வெட்டி அளவைச் சுருக்கலாமா என்று கேட்டால் கண்டிப்பாகக் கூடாது என்று சொல்லுங்கள்; கையெழுத்தும் எண்ணும் தகட்டுப் பள்ளமும் அந்த ஓரத்தில்தான் இருக்கின்றன. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி கிடைத்தால் போடுங்கள். கிடைத்தாலும் நேர்வெயில் படும் சுவர் ஆகாது.

கடலோர ஊர்க்காரர்கள் வெளிச்சுவரையும் குளியலறைச் சுவரையும் தவிர்த்துவிடுங்கள். பிரேமின் கீழ் மூலைகள் இரண்டிலும் தக்கைத் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்று ஓடும். இராமபாணப் பூச்சிக்குப் பசையும் இருட்டும் ஈரமும் பிடிக்கும். மூன்றுக்கும் இடம் தராத பிரேமில் அது தங்காது. பின்பலகையில் பில்லின் நகல் ஒன்றைக் காகித உறையில் போட்டு ஒட்டி வையுங்கள். எந்த ஊர் வீதி, எந்த ஆண்டு, நீங்கள் எங்கே எப்போது வாங்கியது என்பதையும் பென்சிலால் எழுதி அதனுள் வையுங்கள்.

வருஷத்துக்கு ஒருமுறை போதும். மார்கழி முடியும்போது, போகிக்கு வீடு ஒழிக்கிற அன்றைக்குப் படத்தைக் கழற்றுங்கள். முன்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் புள்ளி விழுந்திருக்கிறதா பாருங்கள், பின்பக்கம் விரலால் தொட்டு ஈரம் பாருங்கள், கண்ணாடியைத் துணியில் நீர் தெளித்துத் துடையுங்கள். கண்ணாடி மேல் நேராகத் தெளித்தால் நீர் ஓரத்து இடுக்கு வழியாக உள்ளே இறங்கும். காலையில் கழற்றி, சாயங்காலத்துக்குள் அதே ஆணியில் மாட்டிவிடுங்கள்.